பழைய பேஸ்பால் வீரர்கள் அணிந்த சீருடைகளுக்கு ஏன் இவ்வளவு விலை? அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டை யாருடையது என்பதோடு, எந்த ஆட்டத்தில் போட்டது என்பதற்கான சான்றும் சேர்ந்துதான் விலையை ஏற்றுகிறது. அமெரிக்க பேஸ்பாலின் பெரும் நட்சத்திரம் பேப் ரூத், 1932 உலகத் தொடரின் (அந்நாட்டு பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டி) மூன்றாவது ஆட்டத்தில் சிகாகோவில் அணிந்த சாம்பல் நிறச் சட்டை, 2005-இல் சுமார் 9.4 லட்சம் டாலருக்கு விற்றது. அப்புறம் நிபுணர்கள் அதைப் பழைய புகைப்படங்களோடு பொருத்திப் பார்த்து, அந்த ஆட்டத்துக்குரியதுதான் என்றார்கள். 2024 ஆகஸ்டில் ஏலத்தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டியது!

இந்தப் புகைப்பட ஒப்பீடுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்று எழுத்துகளை வெட்டித் தனித்தனியாகத் தைத்தார்கள். அதனால் ஓர் எழுத்தின் முனை பொத்தானிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, கோடு போட்ட சட்டையில் எண் எந்தக் கோட்டின் மேல் விழுகிறது என்பதெல்லாம் கைரேகை மாதிரி சட்டைக்குச் சட்டை மாறும்.

1970-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி செயற்கை இழைக்கு மாறும்வரை பெரிய அணிகளின் சீருடை ஃபிளானல் என்ற கம்பளித் துணிதான். பழசானதும் தூக்கிப் போடாமல், அணியின் பெயரையும் எண்ணையும் பிரித்துவிட்டுக் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். பூச்சி அரித்தது போக மிஞ்சியவை கொஞ்சம்தான்.

வாங்குவதாக இருந்தால் கழுத்துப் பட்டியில் தைத்த பெயரையும் தயாரிப்பாளர் முத்திரையையும் பாருங்கள். எண்ணைச் சுற்றிப் பழைய தையல் துளைகள் தெரிந்தால், மாற்றித் தைத்திருக்கலாம். புற ஊதா விளக்கில் நூல் பளீரென்று ஒளிர்ந்தால் அது பிற்காலத்து நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய பிறகு தயவுசெய்து துவைக்காதீர்கள், அந்தக் கறைகளும் சான்றுதான்.