ஃபுல் ஃப்ரேம் வாங்கும் முன் பழைய லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கேனான் 80டி வைத்திருக்கிறேன். லென்ஸ்கள் 18-55, 55-250, 50 எஃப்/1.8. விசேஷ வீடுகளில் படம், வீடியோ இரண்டும் எடுக்கிறேன். கேனானின் ஆர்8 ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு மாறினால், அடாப்டர் போட்டு இதே லென்ஸ்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில்: மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். அவர் சொல்லாமல் விட்டதுதான் விஷயம். லென்ஸைக் கழற்றி மவுண்ட் ஓரத்தைப் பாருங்கள். 50-இல் சிவப்புப் புள்ளி இருக்கும், மற்ற இரண்டிலும் வெள்ளைச் சதுரம். சிவப்புப் புள்ளி என்றால் இஎஃப். அதன் ஒளிவட்டம் 36×24 மி.மீ. சென்சார் (ஃபுல் ஃப்ரேம் என்பது இதுதான்) முழுவதையும் நிரப்பும். வெள்ளைச் சதுரம் இஎஃப்-எஸ், சுமார் 22.3×14.9 மி.மீ. உள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்காகவே செய்தது; உங்கள் 80டி அந்த வகைதான். அதை ஆர்8-இல் மாட்டினால் கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஃபுல் ஃப்ரேம் நீளத்திலும் அகலத்திலும் 1.6 மடங்கு பெரியது, எனவே 24 மெகாபிக்சலை 1.6×1.6-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்பதரைகூடத் தேறாது. இதே 18-55-இல் உங்கள் 80டி முழு 24-ஐயும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வீடியோவில் இன்னும் மோசம். 6000 பிக்சல் அகலத்தை 1.6-ஆல் வகுத்தால் 3750. 4கே-க்கு வேண்டியது 3840. நூலிழையில் எட்டாமல் போகிறது.

ஆக, ஆர்8 வாங்கினால் முழுப் பயனோடு கூட வரப்போவது அந்த 50 மட்டும்தான். மண்டபத்துக்கு ஒரு ஜூம் புதிதாக வாங்கியே ஆக வேண்டும்.

‘இருட்டில் ஃபுல் ஃப்ரேம்தானே நன்றாக எடுக்கும்?’ என்பீர்கள். பரப்பளவில் அது 2.6 மடங்கு பெரியது, ஏறக்குறைய 1.4 ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஆனால் ஆர்8-உடன் கிட்டில் வரும் ஆர்எஃப் (ஆர் வரிசை கேமராக்களின் மவுண்ட்) 24-50 லென்ஸ் எஃப்/4.5-இல்தான் தொடங்குகிறது; எஃப் எண் சிறிதாக இருந்தால்தான் வெளிச்சம் அதிகம் வரும். ஏபிஎஸ்-சி கேமரா உடலில் சிக்மா 18-50 எஃப்/2.8 போட்டால் அது 2.6 மடங்கு அதிக வெளிச்சம் உள்ளே விடும். கணக்கு அங்கேயே நேராகிவிட்டது. ஜூமை 50-க்குத் தள்ளினால் கிட் லென்ஸ் எஃப்/6.3-க்கு இறங்கிவிடும், அப்போது ஃபுல் ஃப்ரேம்தான் பின்தங்கும். நல்ல லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் ஆர்8 எடுங்கள். உடலுக்கு மட்டும்தான் பட்ஜெட் என்றால் வேண்டாம்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது ஆர்7, கேனானின் ஏபிஎஸ்-சி கேமரா. மூன்று லென்ஸும் அடாப்டரில் முழு சென்சாரையும் பயன்படுத்தும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் உடலிலேயே உண்டு. கார்டு ஸ்லாட் இரண்டு. ஆர்8-இல் இந்த இரண்டு வசதியும் இல்லை. தாலி கட்டுவதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது, இரண்டாவது கார்டின் அருமை அப்போதுதான் தெரியும். ஒரு குறை: எலெக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக நகரும் பொருள் படத்தில் சாய்ந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை. இஎஃப் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ., ஆர்எஃப்-இல் 20. இடையிலுள்ள 24 மி.மீ.யை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அது. உள்ளே கண்ணாடி கிடையாது, படத்தின் தரம் குறையாது. அதே காரணத்தால் ஆர்எஃப் லென்ஸை ஒருநாளும் 80டி-யில் போட முடியாது. பழைய உடலை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்வதானால், இனி வாங்கும் ஆர்எஃப் லென்ஸ் அதற்கு உதவாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: சோனி இசட்வி-இ10-இல் 4கே 30 வைத்தால் படம் திடீரென நெருங்கி வருகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகவும் ஓடுகிறது. கேமரா பழுதா?

பதில்: பழுதில்லை. 30பி-யில் (நொடிக்கு 30 ஃப்ரேம்) அந்தக் கேமரா சென்சாரின் முழு அகலத்தைப் படிப்பதில்லை, சுமார் 1.23 மடங்கு வெட்டுகிறது. லென்ஸின் 16 மி.மீ. முனை ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24-ஆக இருக்க வேண்டியது, 29.5 ஆகிவிடும். ஆக்டிவ் ஸ்டெபிலைசேஷனையும் போட்டிருந்தால் அது தன் பங்குக்கு இன்னும் வெட்டும்.

பட்டை ஓடுவதற்குக் காரணம் நம் மின்சாரம். இங்கே 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். மெனுவில் வீடியோ முறையை என்டிஎஸ்சி-யிலிருந்து (60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) முறைக்கு மாற்றி 25பி-யில், ஷட்டர் 1/50-இல் எடுங்கள். 25பி-யில் முழு அகலமும் கிடைக்கும், ஒரே மாற்றத்தில் இரண்டு தொல்லையும் தீரும். மாற்றும்போது கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லலாம், உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுத்துவிடுங்கள். மலிவான சில எல்இடி விளக்குகள் மட்டும் இதற்கும் அடங்காது. ஷட்டரை ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: வீட்டில் பழைய நிக்கான் 50 எஃப்/1.8டி கிடக்கிறது. நிக்கான் இசட்50 கேமரா வாங்கினால் பயன்படுமா?

பதில்: நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டலாம். ஆனால் ஃபோகஸ் கையால்தான். இந்த லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. உடலிலிருந்து ஒரு சிறு திருகு வந்து சுழற்ற வேண்டும், அது இசட் உடலிலும் இல்லை, அடாப்டரிலும் இல்லை. லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை எஃப்/22-க்குத் திருப்பிப் பூட்டிவிட்டால் அபர்ச்சரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். அதற்கு முன் ஒரு சோதனை: செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. சுத்தம் செய்யும் வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் போடாதீர்கள்.