ஓ நெகட்டிவ் மருமகள்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். அடுத்து ரத்தமாற்று மருத்துவம்தான் படிப்பேன், அதில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். "பிளட் பேங்கில் உட்காரவா டாக்டருக்குப் படித்தாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? இன்னொன்று, அவளுக்கு ஓ நெகட்டிவ். ஆத்தூர் பக்கம் முடிகிற நிலையில் இருந்த ஒரு சம்பந்தம், பிள்ளை தங்காது என்று நின்றுபோனது. அடுத்த வரனிடம் இதை முதலிலேயே சொல்லித்தான் ஆகவேண்டுமா? இந்த வருடம் சேலம் புத்தகக் கண்காட்சிக்கு வருவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எதிர்காலம் உண்டு, சேரட்டும். சொந்தக்காரர்களை விடுங்கள், மகள் இதயநோய் படித்தாலும் ஏதாவது சொல்வார்கள்.

ஜாதகத்தோடு ரத்த வகையையும் கேட்கும் புதுப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்தூர் வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

என் அத்தை ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். மாமா காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 1950களின் கடைசி. முதல் பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி பிறந்தது. இரண்டாவது பிறந்ததும் மஞ்சள் பூத்து, மூன்றாம் நாள் போய்விட்டது. அடுத்தது வயிற்றிலேயே. சேர்வராயனுக்கு வேண்டுதல், தாயத்து, பத்தியம் எல்லாம் அத்தைக்குத்தான். விஷ வயிறு என்ற பெயரும் அவளுக்குத்தான். எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்து, சேலத்தில் ஆபரேஷனுக்குச் சேர்த்தபோதுதான் அவளுக்கு ஏ நெகட்டிவ் என்று தெரிந்தது. "உங்க மாமாவுக்கு என்ன?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அந்த மனிதர் விரலில் ஒருவரும் ஊசி குத்திப் பார்த்ததில்லை.

தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கலக்கும். அவள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்து வரும் பாசிட்டிவ் பிள்ளையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் உடைக்கும். அந்த பாசிட்டிவ் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து. இதை ஆத்தூர்க்காரர்களிடம் யாராவது சொன்னீர்களா? மாப்பிள்ளைக்கு என்ன வகை என்றாவது கேட்டீர்களா? அவரும் நெகட்டிவ் என்றால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

இந்த பாசிட்டிவ், நெகட்டிவ் பிரிவுக்குக் காரணமான ஆர்ஹெச் பற்றி லாண்ட்ஸ்டெய்னர், வீனர் என்ற விஞ்ஞானிகள் 1940-லேயே எழுதிவிட்டார்கள். தடுக்கும் வழி கிடைத்தது 1960களில். அதைக் கண்டவர்களில் ஒருவரான ஜான் கார்மன் நியூயார்க்கில் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? பிளட் பேங்கில்! உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவரும், பிரசவ மருத்துவர் வின்சென்ட் ஃப்ரீடாவும், வில்லியம் பொல்லாக்கும் சேர்ந்து தலைகீழாக யோசித்தார்கள். அந்த எதிர்ப்பொருளையே அளவாகத் தாய்க்கு ஊசியாகப் போட்டுவிட்டால், அவள் உடம்பு விழித்துக்கொண்டு சொந்தமாக உண்டாக்கத் தொடங்காது. லிவர்பூலில் ரொனால்ட் ஃபின்னும் சிரில் கிளார்க்கும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கார்மன் 1964-ல் லண்டனில் இருந்த தன் சகோதரரின் மனைவிக்கே அந்த மருந்தை அனுப்பிவைத்தார். 1968-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அத்தைக்கு அது மிகவும் பிந்திய செய்தி.

இன்றைக்கு அது ஆன்டி-டி ஊசி. கர்ப்பத்தின் 28-வது வாரம் ஒன்று, பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் ஏற்கெனவே உண்டாகியிருந்தால் இந்த ஊசியால் பலனில்லை, அதனால் முதல் கர்ப்பத்திலிருந்தே கவனம் வேண்டும். இவ்வளவுதான். விபத்து என்றால் ஓ நெகட்டிவ் வேண்டுமென்று வாட்ஸப்பில் கெஞ்சுகிற ஊருக்கு அதே ரத்தம் மருமகளாக வந்தால் ஆகாதா?

உங்கள் மேலும் கோபம்தான். டாக்டரைப் பெற்றுவிட்டு, ஏதோ குற்றத்தை மறைப்பதுபோல "சொல்லித்தான் ஆகவேண்டுமா" என்கிறீர்கள். எனக்கு எழுதுவதற்கு முன் மகளிடம் கேட்டிருந்தால் என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பாள். அடுத்த வரன் வரும்போது அவளையே பேசவிடுங்கள்.

இங்கே ஆராய்ச்சிக்கு இடமுண்டா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தால், மிக அரிதான பாம்பே ரத்த வகையை 1952-ல் டாக்டர் பெண்டேயும் அவர் குழுவினரும் பம்பாயில்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைவுபடுத்துங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

புத்தகக் கண்காட்சிக்கு வருவது இன்னும் முடிவாகவில்லை.