வாசகர் கேள்வி–பதில்: ஏலத்துக்கு வந்த வீட்டை வாங்கலாமா?

கும்பகோணத்தில் இரண்டு கட்டு ஓட்டு வீடு ஒன்று வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது. குறைந்தபட்ச விலை 38 லட்சம் ரூபாய் என்றும், ‘அடையாள சுவாதீனம்’ என்றும் அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துப் பழுது பார்த்து ஓர் ஆண்டுக்குள் விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். இறங்கலாமா?
— வாசகர், கும்பகோணம்

விலையைப் பார்க்கும் முன்பாக அந்த இரண்டு சொற்களையே நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடையாள சுவாதீனம் என்றால், வங்கி கதவில் அறிவிப்பை ஒட்டி நாளிதழிலும் வெளியிட்டிருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் இன்னும் ஆள் இருக்கிறார் என்று பொருள். அவரை வெளியேற்ற வங்கி, கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 14ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனு செய்ய வேண்டும். மனுவை முடிக்கச் சட்டம் 30 நாள், காரணம் எழுதினால் 60 நாள் என்று சொன்னாலும், உத்தரவு கைக்கு வந்து, காவல்துறைப் பாதுகாப்போடு பூட்டை உடைக்கும் நாள் வருவதற்குள் உங்களுடைய ஓர் ஆண்டுக் கணக்கு கரைந்துவிடக்கூடும். இதற்கிடையில் கடன்தாரருக்கு 17ஆவது பிரிவின்படி 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் உரிமை உண்டு. குடியிருக்க வாங்குகிறவர் காத்திருக்கலாம். விற்பதற்காக வாங்குகிறவருக்கு ஒவ்வொரு மாதமும் வட்டிதான். ஆகவே நேரடி சுவாதீனத்தில் உள்ள, அதாவது ஆளை வெளியேற்றி வங்கி தன் கையில் எடுத்துக்கொண்ட வீடுகளுக்கு மட்டும் விலை கேளுங்கள் என்பதே என் கருத்து.

அடுத்தது பணம் கட்ட வேண்டிய வேகம். முன்பணம் வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம், அதாவது 3 லட்சத்து 80 ஆயிரம். நீங்கள் 40 லட்சத்துக்கு எடுத்தால் 25 சதவீதமான 10 லட்சத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ நிறைவு செய்ய வேண்டும் என்பதால், மேற்கொண்டு 6 லட்சத்து 20 ஆயிரம் உடனே கையில் இருந்தாக வேண்டும். மீதி 30 லட்சத்தை விற்பனை உறுதி செய்யப்பட்ட 15ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்துப்பூர்வமாக ஒப்பினால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய தொகை பறிபோகும். வீட்டுக்கடன் வந்துவிடும் என்று நம்பி ஏலத்தில் கை தூக்கிய சிலரை, வங்கியின் கடன் மீட்புப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில் பார்த்திருக்கிறேன். கடன் ஒப்புதல் கடிதம் முன்னரே கையில் இல்லாமல் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கும்பகோணம் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே பல வீடுகளின் கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். வீட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டி வருவார். கோயில் நிலத்தை, இந்து சமய அறநிலையச் சட்டத்தின் (1959) 34ஆவது பிரிவு சொல்லும் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. அத்தகைய வீட்டை ஏலத்தில் எடுத்தாலும் உங்களுக்கு வருவது சுவர்களும் ஓடும்தான், அவற்றின் கீழே உள்ள மண் அல்ல. ஏல அறிவிப்பின் அடியில் ‘எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே’ என்று வங்கி எழுதியிருப்பதால், பின்னர் அதைக் குறை சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், மூலப் பத்திரத்தை வங்கியிலேயே உட்கார்ந்து படியுங்கள், தெருவில் பத்து வீடு தள்ளியிருக்கும் பெரியவர் ஒருவரையும் கேளுங்கள். அவர் சொல்வது எந்தப் பதிவேட்டிலும் இராது.

இத்தனைக்குப் பிறகும் எடுத்தால், விற்கும்போது உங்களிடம் வாங்குகிறவர் 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்துத்தான் விலை பேசுவார் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். விற்பனைச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவேறி, பட்டாவும் சொத்துவரியும் உங்கள் பெயருக்கு மாறிய பிறகே விளம்பரம் செய்யுங்கள். அதற்கு முன் வருகிறவர்கள் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள்.

ஏலத்தில் எடுத்த பழைய வீட்டின் சுவர்களில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து உதிர்கிறது. சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, டைல்ஸ் ஒட்டிவிட்டால் விற்பனைக்குத் தயார் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
— வாசகி, மன்னார்குடி

செய்யாதீர்கள். உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவராக இருக்கும். களிமண்ணில் நிற்கும் டெல்டா வீடுகளில், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலமெல்லாம் தரையின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். சிமெண்டும் டைல்ஸும் அதன் வழியை அடைத்துவிடுவதால், மூன்றடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்கு ஏறி, உப்பு உள்ளிருந்து பூச்சைத் தள்ளிவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பு, சித்திரை வெயிலில் பூசி முடித்த சுவர் வெகு அழகாக இருக்கும். வாங்க வருகிறவர் ஐப்பசி மழையில் வந்தால் என்ன ஆகும்?

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பும் கொல்லைப்புறச் சாக்கடையும் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். அவற்றைத் திறந்துவிட்டாலே பாதி ஓதம் குறைவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு கெட்ட பூச்சைச் செதுக்கி எடுத்து, செங்கல்லை இரண்டு மாதமாவது ஆறவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த காரையைப் பூசுங்கள். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றி, கைமரத்தில் கறையான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்துபோன பகுதிகளில், மேலோட்டமாக ஓடு மட்டும் மாற்றிய கூரைகள் இன்னும் இருக்கின்றன.

மிச்சமுள்ள பணத்தைக் கழிப்பறைக்கும், மின்கம்பி மாற்றத்துக்கும், சமையலறைத் தண்ணீருக்கும் செலவிடுங்கள். இந்த ஊர்களில் பழைய வீட்டைத் தேடி வருகிறவர்களில் பலர் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, வயதான பெற்றோரை ஊரில் வைக்க நினைப்பவர்கள். அவர்களுக்குத் தரைத்தளத்தில் வழுக்காத ஒரு மேலைநாட்டுக் கழிப்பறை, கூடத்து பளிங்கைவிடப் பெரிது. தேக்குத் தூணுக்கு வண்ணம் அடிக்காதீர்கள், திண்ணையை இடிக்காதீர்கள். வேலையை ஆனிக்குள் முடித்து, ஆடி கழிந்த கையோடு ஆவணியில் ஆள்களுக்குக் காட்டுங்கள்.

வீட்டோடு சேர்த்து அரை ஏக்கர் நஞ்சையும் ஏலத்தில் வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

விவசாய நிலத்தை ஈடாக வைத்ததில் வங்கிக்கு வரும் உரிமைக்குச் சர்ஃபேசி சட்டம் பொருந்தாது. 31ஆவது பிரிவு தெளிவாகவே விலக்களிக்கிறது. வழக்கு வந்தால், அந்த நிலத்தில் உண்மையில் சாகுபடி நடந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்கும். சாகுபடியைக் குறித்துவைக்கும் கிராமப் பதிவேடான அடங்கலில் குறுவையோ சம்பாவோ பதிவாகியிருந்தால், கடன்தாரர் கையில் வலுவான ஆயுதம் இருக்கிறது என்று பொருள். அடங்கல் நகலை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பழைய உரிமையாளரின் மின்கட்டணப் பாக்கி என் தலையில் விழுமா?
— வாசகர், நாகப்பட்டினம்

விழலாம். மின்வாரிய விதிகள் இடம் கொடுத்தால், புதிய இணைப்புக்கு வரும் ஏலதாரரிடமே பழைய பாக்கியைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்துள்ளது. மின் இணைப்பு எண்ணை வைத்து நிலுவையை முதலிலேயே தெரிந்துகொண்டு, அந்தத் தொகையை உங்கள் உச்ச விலையிலிருந்து கழித்துவிடுங்கள். சொத்துவரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் இதுவே வழி.

வீட்டைத் திறந்தபோது பித்தளைப் பாத்திரங்கள், சாமி படங்கள், ஒரு பெட்டி நிறையப் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இவை எனக்குச் சேர்ந்தவையா?
— வாசகி, திருவாரூர்

இல்லை. ஏலத்தில் நீங்கள் வாங்கியது வீட்டையும் மனையையும்தான். சுவாதீனம் எடுத்த நாளில் எழுதிய பொருள் பட்டியலின் நகலை வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவற்றை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் அலுவலர் மூலமாகவே அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்பி, ஒரு நாள் குறித்து ஒப்படைத்துக் கையெழுத்துப் பெறுங்கள். சான்றிதழ்ப் பெட்டிக்கு மட்டும் கடிதம் வரை காத்திருக்க வேண்டாம். அலுவலரிடம் தொலைபேசியில் சொல்லி இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் சேர வேண்டிய மாதமாக இருக்கலாம்.