ஏழு மாதம் மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பிக்க வேண்டுமா?

கேள்வி: வயது 38. கோவையில் தனியார் வேலை, பீளமேட்டில் வாடகை வீடு. சொந்த ஊர் பரமக்குடி. மதுரையில் எடுத்த என் பாஸ்போர்ட் இன்னும் 7 மாதத்தில் முடிகிறது. மூன்று மாதத்தில் துபாய் கிளைக்கு அனுப்புவோம் என்கிறது அலுவலகம். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் காலி. ஆதார் இன்னும் பரமக்குடி முகவரியில் இருக்கிறது. புதுப்பிக்க மதுரைக்குத்தான் போக வேண்டுமா? ஊர் முகவரியையே கொடுத்துவிடலாமா? தட்காலில் போடலாமா? 9 வயது மகளின் பாஸ்போர்ட்டும் போன வருடம் காலாவதியாகிவிட்டது. இரண்டையும் முடித்துத் தர ஏஜென்ட் ஒருவர் 9,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஏழு மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் நுழையும்போது பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் விமானம் ஏறும்போது உங்களுடையதில் நான்கு மாதம்தான் மிச்சமிருக்கும். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், இன்றே தொடங்கவும் தடையில்லை. புதியதன் பத்து வருடம் அது வழங்கப்படும் தேதியிலிருந்து தொடங்கும். பழையதில் மிச்சமுள்ள மாதங்கள் இதில் சேராது, அதற்காக வருத்தப்பட்டுப் பயனில்லை.

நாம் புதுப்பித்தல் என்று சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது புது எண்ணோடு ஒரு புதுப் புத்தகம். அதனால் விண்ணப்பத்தில் 'ஃப்ரெஷ்' என்பதைத் தொடாமல் 'ரீ-இஷ்யூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய எண்ணைக் காட்டி அலுவலகத்தில் விசா வேலையைத் தொடங்கிவிட வேண்டாம் என்றும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

மதுரைக்குப் போக வேண்டியதில்லை. 2018 முதல் இந்தியாவில் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே சேவா கேந்திரா எனப்படும் பாஸ்போர்ட் சேவை மையங்களும், 2017 முதல் தபால் நிலையங்களுக்குள் வந்த சிறு மையங்களும் இயங்குகின்றன. கோவையிலேயே போடுங்கள். அங்கே அப்பாயின்ட்மென்ட் தள்ளிக் கிடைத்தால் திருச்சியிலோ பக்கத்துத் தபால் நிலைய மையத்திலோ பார்க்கலாம். எங்கே போட்டாலும் போலீஸ் விசாரணை மட்டும் நீங்கள் எழுதிக்கொடுத்த முகவரிக்குத்தான் வரும்.

அதனால்தான் ஊர் முகவரியைக் கொடுக்கும் யோசனை வேண்டாம் என்கிறேன். 'ஆதார் அங்கேதானே இருக்கிறது, அம்மா அப்பா அங்கேதானே இருக்கிறார்கள்' என்று நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். விசாரிக்க வரும் போலீஸ்காரர் பக்கத்து வீட்டில் கேட்பார். 'அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார்' என்று அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று அறிக்கை போனால் விண்ணப்பம் நின்றுவிடும். அப்புறம் மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம், நேரில் போய்ப் பதில், மறுபடி விசாரணை என்று இழுக்கும். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தெரிந்தே தவறான தகவல் கொடுப்பது குற்றமும்கூட. பரமக்குடியை நிரந்தர முகவரியாகப் போடுங்கள், அதற்குத் தனி இடம் இருக்கிறது. தற்போதைய முகவரி பீளமேடாகவே இருக்கட்டும். பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வருவதும் அந்த முகவரிக்குத்தான்.

சரி, பீளமேட்டில் இருப்பதற்கு எதைக் காட்டுவது? வாடகைக்கு இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், உங்களுக்கு உதவாது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட 11 மாத ஒப்பந்தமும் உதவாது. பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள், அதற்குப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சம்மதிப்பதில்லை. சமையல் எரிவாயு இணைப்பு உங்கள் பெயரில் கோவை முகவரியில் இருந்தால் அந்தச் சான்று செல்லும். போஸ்ட்பெய்டு போன் பில்லும் செல்லும். வங்கிப் பாஸ்புக்கும் செல்லும். ஆனால் அதில் உங்கள் படம் ஒட்டி முத்திரை வைத்திருக்க வேண்டும், கணக்கு நடப்பில் இருக்க வேண்டும். மனைவியிடம் பாஸ்போர்ட் இருந்து, அதில் இதே முகவரியும், கணவர் என்று உங்கள் பெயரும் இருந்தால் அதன் நகலும் போதும்.

இவற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆதாரை மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது என்பேன். பாஸ்போர்ட் கவுன்டரில் கேள்வியில்லாமல் நகர்வது ஆதார்தான். மாற்றம் ஏறிய பிறகு புதிய ஆதாரைத் தரவிறக்கிக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். ஆதார் மாறுவதற்குள் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டு, கவுன்டரில் போய் 'அப்ளை பண்ணியிருக்கேன் சார்' என்று ஒப்புகைச் சீட்டை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி பெயர். நீங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனாலும், உங்கள் விஷயத்தில் அதிக கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

நம் ஊர் வழக்கம் எஸ்.முத்துக்குமார், ஆர்.லட்சுமி என்று இனிஷியலோடு எழுதுவது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் விண்ணப்பித்த பலரும் சர்நேம் என்றால் சாதிப் பெயர் என்று நினைத்து, நமக்கு அது இல்லையே என்று விட்டுவிட்டார்கள். உள்நாட்டில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. வெளிநாட்டில்தான் பிரச்சினை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிவிடும். பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். நீங்கள் போகும் நாட்டில் கெடுபிடி இன்னும் அதிகமாகவே இருந்தது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவிலோ, போய் இறங்கி விசா வாங்கியோ உள்ளே விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. சில நாட்களில், இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று தளர்த்திக்கொண்டார்கள். வேலை விசாவும் குடியிருப்பு அனுமதியும் உள்ளவர்கள் ஆரம்பத்திலேயே அந்தத் தடைக்கு வெளியே இருந்தார்கள், ஆனால் முதல் பெயர், சர்நேம் என்ற இரண்டு இடத்திலும் அதே பெயரை ஏற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்கும் இருந்தது. உங்களை எந்த விசாவில் அனுப்பப்போகிறார்கள் என்பதை அலுவலகம் கடைசி வாரத்தில்தான் முடிவு செய்யும். எப்படியும் புதுப் புத்தகம் வாங்கப்போகிறீர்கள், சர்நேமையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

எப்படிச் சேர்ப்பது? உங்கள் பெயர் முத்துக்குமார், அப்பா பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். கிவன் நேம் முத்துக்குமார், சர்நேம் சண்முகம். அதிகாரிக்கு நீங்கள் காட்ட வேண்டியது, பழைய முத்துக்குமாரும் புதிய முத்துக்குமார் சண்முகமும் ஒரே ஆள்தான் என்பதை. பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ் என்ற இனிஷியலும், பெரும்பாலும் அப்பா பெயரும் இருக்கும். உங்கள் பான் கார்டை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் இனிஷியலை ஏற்பதில்லை என்பதால், தமிழ்நாட்டில் பலருக்கு அது ஏற்கெனவே முத்துக்குமார் சண்முகம் என்றுதான் அச்சாகியிருக்கிறது. உங்களுக்கும் அப்படியானால் பாதி வேலை முடிந்தது. ஆதாரில் முகவரி மாற்றும்போதே பெயரையும் இப்படி விரித்துவிடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரு சான்றில் சண்முகத்துக்கு 'எஸ்ஹெச்' இருந்து இன்னொன்றில் வெறும் 'எஸ்' இருந்தால் அங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது. முழுப் பெயரையே வேறாக மாற்றுபவர்களுக்குத்தான் அரசிதழ் அறிவிப்பு, செய்தித்தாள் விளம்பரம் என்ற பாடெல்லாம்.

விண்ணப்பத்தில் ரீ-இஷ்யூவுக்கான காரணமாக 'காலாவதியாகப் போகிறது' என்பதோடு, 'விவரங்களில் மாற்றம்' என்பதையும் தேர்ந்தெடுத்து, அதில் சர்நேம், முகவரி இரண்டையும் குறியுங்கள். ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம்.

தட்கால் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. போலீஸ் விசாரணை முன்கூட்டியே தேவைப்படாதவர்களுக்கு அது வேகமான வழி, மறுக்கவில்லை. ஆனால் பெயர் மாற்றம் பெரியது என்று அதிகாரி கருதினால் தட்காலில் எடுக்கமாட்டார்கள். கூடுதலாக 2,000 ரூபாய் கட்டிவிட்டு அந்த வாதத்தில் போய் நிற்க வேண்டாம். சாதாரண முறையில் இந்த வாரமே ஆதார் வேலையைத் தொடங்கினால் மூன்று மாதம் போதும்.

கேந்திராவில் நடப்பது எளிது. ஏ கவுன்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படமும் கைரேகையும் எடுப்பார்கள். பி-யில் ஓர் அதிகாரி சரிபார்ப்பார். சி-யில் இன்னோர் அதிகாரி முடிவெடுப்பார். ஏ கவுன்டரில் உங்கள் விவரங்களைத் திரையில் காட்டும்போது வெட்கப்படாமல் நிதானமாகப் படியுங்கள், அச்சாகி வந்த பிறகு திருத்துவதற்கு மறுபடி விண்ணப்பம்தான். பழைய பாஸ்போர்ட்டின் அசல், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், எல்லாச் சான்றுகளின் அசல், இவை கையில் இருக்கட்டும். அன்றைக்குப் போக முடியாவிட்டால் ஒரு வருடத்துக்குள் மூன்று முறை தேதி மாற்றிக்கொள்ளலாம். போலீஸ் விசாரணைக்குக் கட்டணம் கிடையாது. வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் விசாரணை வரும் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மகளுக்கும் ரீ-இஷ்யூதான், ஏற்கெனவே ஒன்று இருந்ததால். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அதை உங்களுடையது கையில் வந்த பிறகு போடுங்கள். அவளுடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பழையபடி இருக்கிறது, உங்களுடையது புதுப் பெயரில் வரும்போது அதையும் சேர்த்துத் திருத்திவிடலாம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி என்ற உறுதிமொழிப் படிவம் இருந்தால் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் போதும். பெற்றோரின் பாஸ்போர்ட் நடப்பில் இருந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணையும் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் பெயர் இல்லாமலேயே வாங்கி வைத்துவிட்டு மறந்துபோன சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன.

ஏஜென்ட் கேட்பது 9,000. அரசுக் கட்டணம் உங்களுக்கு 36 பக்கப் புத்தகம் என்றால் 1,500, மகளுக்கு 1,000. மொத்தம் 2,500தான். படிவத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால் பொது சேவை மையத்தில் சிறு தொகைக்குச் செய்து தருவார்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்கும் விசாரணைக்கும் எப்படியும் நீங்கள்தான் நேரில் நிற்க வேண்டும். நீங்களே இணையத்தில் போடுவதானால் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அசல் மாதிரியே படிவமும் கட்டணப் பக்கமும் வைத்திருக்கும் போலித் தளங்கள் இருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. எம்பாஸ்போர்ட் சேவா என்ற செயலியிலும் போடலாம்.