கணவாய் நரம்பும் அம்மம்மாவின் கால் எரிவும்: வாசகர் கேள்விகள்

நரம்புக் கலம் பற்றிய பாடத்தில் எப்போதும் கணவாய் வருகிறதே, ஏன்? (உயர்தர மாணவி, கொக்குவில்)

ஊசிக்கணவாயின் உடலில் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த அக்சன், அதாவது நரம்புக் கலத்தில் செய்தியைக் கடத்தும் நீண்ட இழை, உண்டு. வெறுங்கண்ணுக்கே தெரியும். எங்களுடைய தடித்த அக்சன்கூட 0.02 மில்லிமீற்றர் அளவுதான். ஆபத்து வந்தால் நீரைப் பீச்சிக்கொண்டு ஓடு என்ற கட்டளை அந்த அக்சன் வழியாகத்தான் போகிறது. ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் அதற்குள் மின்வாயைச் செருகி அளந்தார்கள். நரம்புச் செய்தி எப்படிப் போகிறது என்று 1952இல் அவர்கள் தந்த விளக்கத்துக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. அது இங்கிலாந்துக் கரையில் பிடித்த கணவாய், குருநகர்க் கணவாய் அல்ல!

கலம் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற் குறைவு. தூண்டியதும் கலத்தை மூடியிருக்கும் மென்சவ்வின் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். பின்னர் பொற்றாசியம் வெளியே வரும். ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் இது முடிய, பக்கத்துத் துண்டில் அதே கதை தொடங்கும். ஆகவே 'நரம்பு என்றால் வயர்' என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். வயரில் மின்னோட்டம் நீளவாக்கில் ஓடும், இங்கே சோடியம், பொற்றாசியம் அயன்கள் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) சவ்வைக் குறுக்கே கடக்கின்றன.

கணவாய் வேகத்துக்காக அக்சனைத் தடிப்பாக்கியது. நாங்கள் அக்சனைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை போட்டுக்கொண்டோம். உறையின் இடைவெளிகளில் தாவித் தாவிப் போவதால் கணத்தாக்கம் (நரம்புச் செய்தி) செக்கனுக்கு 100 மீற்றரையும் தாண்டும்.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். எரிவு ஏன் பாதத்தில் தொடங்கியது? (சாவகச்சேரி)

பாதத்துக்குப் போகும் அக்சன்தான் மிக நீளமானது. கலத்தின் உடல் முள்ளந்தண்டின் அருகே, முனையோ பெருவிரலில்: ஏறக்குறைய ஒரு மீற்றர். முனைக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை மேலேயிருந்துதான் வரவேண்டும். விரைவாக வருபவற்றுக்கே இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். மெதுவாக வருபவற்றுக்கு மாதங்கள். கூடிய சீனி கலத்தையும் அதற்கு ஊட்டம் தரும் நுண்ணிய குருதிக்குழாய்களையும் கெடுக்கும்போது இந்த நீளமான முனைகள்தான் முதலில் தவிக்கும். அதனால்தான் இரண்டு பாதமும் சேர்ந்து எரிகின்றன. கைவிரல்களின் முறை பிறகுதான்.

எரிவு குறைந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள், உணர்வே போயிருக்கலாம். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவில் வெயிலேறிய மணலில் வெறுங்காலோடு நிற்க விடவேண்டாம். நெடுநாளாகச் சீனி வருத்தத்துக்கான மெற்போமின் குளிசை எடுக்கிறார் என்றால், அதிலும் சைவச் சாப்பாடு என்றால், விற்றமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்மசியில் 'நரம்புக் குளிசை' என்று நீங்களாக வாங்கிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அவற்றில் இருக்கும் விற்றமின் பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

முழங்கை இடிபட்டால் சின்னவிரல் ஏன் விறுவிறுக்கிறது?

அங்கே அல்நார் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. இடையில் எங்கே தட்டினாலும் செய்தி விரலில் இருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்ளும்.

கண்டங்கருவளைப் பாம்பு கடித்த உறவினர், மருந்து ஏற்றியும் நாட்கணக்காக மூச்சு இயந்திரத்தில் இருந்தார். மருந்து பலிக்கவில்லையா? (வடமராட்சி)

மருந்தைக் குறை சொல்ல முடியாது. அக்சனின் முனை அசற்றைல்கோலின் என்ற பொருளை விட்டால்தான் தசை அசையும். கண்டங்கருவளையின் நஞ்சு அந்த முனையையே சிதைக்கிறது. மருந்தால் குருதியில் அலையும் நஞ்சைக் கட்டிப்போட முடியும், சிதைந்த முனையைக் கட்டியெழுப்ப முடியாது. முனை தானாக மீளும்வரை இயந்திரம்தான் மூச்சு விடவேண்டும்.

இந்தக் கடி பெரிதாக வலிக்காது, வீங்காது. தரையில் பாய் போட்டுப் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்பி, கண்மடலும் சரிந்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.