நாவலாசிரியர் எழுதிய போர் வரலாற்றை நம்பிப் படிக்கலாமா?

ஷெல்பி ஃபுட் அடிப்படையில் நாவலாசிரியர்தானே, அவர் எழுதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றை நம்பிப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் போர்க்களம் தெரிய வேண்டும் என்றால்தான் அவர். போர் ஏன் வந்தது என்று தெரிய வேறு ஆளைத் தேட வேண்டும்.

1916இல் மிசிசிப்பியின் கிரீன்வில்லில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிப் படை அதிகாரி. பெல்ஃபாஸ்டில் இருந்த காதலியைப் பார்க்க, அனுமதித்த எல்லையைத் தாண்டி ராணுவ வண்டியில் போய் மாட்டிக்கொண்டார். ராணுவ நீதிமன்றம் பதவியைப் பறித்தது. இவ்வளவு சண்டைகளை எழுதியவர் ஒரு சண்டையிலும் இருந்ததில்லை!

1862 ஏப்ரலில் நடந்த ஷைலோ சண்டையை இரு தரப்பு வீரர்களும் தங்கள் வாயாலேயே சொல்வதுபோல 1952இல் ஒரு நாவல் எழுதினார். அதைப் பார்த்து ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் சின்னதாக ஒரு போர் வரலாறு கேட்டது. அது 1958, 1963, 1974 என மூன்று பாகங்களாக, ஏறக்குறைய 3000 பக்கங்களுக்கு வளர்ந்துவிட்டது. நான்கு வருடப் போரை எழுத இருபது வருடம். மையில் தொட்டுத் தொட்டு எழுதும் பழைய பேனாவால் ஒரு நாளைக்கு 500, 600 சொற்கள்தான் எழுதுவார்.

தொடக்கமே நாவல் மாதிரிதான். 1861 ஜனவரி 21, திங்கட்கிழமை. பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குப் பின்னர் அதிபரான ஜெஃபர்சன் டேவிஸ், அமெரிக்க செனட்டில் விடைபெற எழுந்து நிற்கிறார். டேவிஸ், லிங்கன் இருவரின் வாழ்க்கையையும் சொல்லி முடித்த பிறகுதான் குண்டு வெடிக்கிறது. அடிக்குறிப்புகள் கிடையாது. பேராசிரியர்களுக்கு இது பெரிய குறை. எனக்கு அதைவிட உறுத்துவது அவர் அனுதாபம் சாயும் பக்கம். தெற்கின் தளபதி ஃபாரஸ்ட் போருக்கு முன் அடிமை வியாபாரி, பின்னர் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் தலைவர். 1864இல் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்பின வீரர்களைக் கொன்று குவித்தது அவருடைய படை. அப்படிப்பட்டவரையும் லிங்கனையும்தான் அந்தப் போர் தந்த இரண்டு மேதைகள் என்று அந்தப் போரைப் பற்றி 1990இல் வந்த கென் பர்ன்ஸ் ஆவணப்படத்தில் சொன்னார் ஃபுட். ஊர் ஊராக அவரைத் தெரிய வைத்ததும் அதே படம்தான். அடிமைமுறை அவருடைய பக்கங்களில் ஓரமாகத்தான் நிற்கிறது.

அதனால் போரின் காரணங்களுக்கு, வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மெக்பெர்சன் எழுதி 1988இல் வந்த ‘பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்’ படியுங்கள். ஃபுட்டின் மூன்று பாகமும் மலைப்பாக இருந்தால், இரண்டாம் பாகத்தில் கெட்டிஸ்பர்க் சண்டையைச் சொல்லும் பகுதியை மட்டும் எடுங்கள். அது தனிப் புத்தகமாகவும் வந்திருக்கிறது.