உனக்கும் நானுக்கும் இடையில்

வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்பவர்: கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். மின்னஞ்சல் ஒன்றில் 'ப்ளீஸ் சென்ட் த ரிப்போர்ட் டு த அக்கவுண்டன்ட் அண்ட் மீ' என்று எழுதினேன். மேலதிகாரி 'மீ'யை வெட்டிவிட்டு 'ஐ' போட்டார். அவருக்கும் மேலே உள்ளவர் அதையும் வெட்டி 'மைசெல்ஃப்' என்று எழுதினார். எது சரி? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: நீங்கள் முதலில் எழுதியதுதான் சரி, மகள். வெட்டிய இரண்டு பேரும் உங்களைவிடக் கூடச் சம்பளம் எடுப்பவர்கள். அதற்கு நான் என்ன செய்ய?

அந்தக் கணக்காளரைக் கொஞ்ச நேரம் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிடுங்கள். இப்போது வசனத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். 'சென்ட் த ரிப்போர்ட் டு ஐ' என்று யாராவது சொல்வார்களா? 'டு மீ'தான். கணக்காளர் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் 'மீ' ஏன் மாறவேண்டும்?

டு, ஃபோர், வித், ஃப்ரொம், பிட்வீன் போன்ற முன்னிடைச்சொற்களுக்குப் பின்னால் வரும் பிரதிப்பெயர் உருமாறும். ஐ, மீ ஆகும். ஹீ, ஹிம் ஆகும். வீ, அஸ் ஆகும். யூவும் இட்டும் மட்டும் எங்கே வைத்தாலும் அப்படியே கிடக்கும். இது நமக்குப் புதினமா? 'நான்' என்பது 'என்' ஆகித்தானே எனக்கு, என்னோடு, என்னிடம் எல்லாம் வருகிறது? 'உனக்கும் நானுக்கும் இடையில் என்ன கதை' என்று இங்கே மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பது அந்தக் கதைதான்.

பிறகு ஏன் படித்தவர்களே பிழை விடுகிறார்கள்? தமிழில் உருபை இரண்டு பேருக்கும் ஒட்டுகிறோம்: கணக்காளருக்கும் எனக்கும். ஆங்கிலத்தில் 'டு' ஒரு தடவைதான் வரும், அதுவும் முன்னால். இடையில் கணக்காளர் வந்து குந்திக்கொண்டால் கடைசியில் நிற்பவருக்கு 'டு'வின் ஞாபகமே போய்விடுகிறது.

இன்னொரு காரணம் எங்களைப் போன்ற டீச்சர்மார். சின்ன வகுப்பில் பிள்ளை 'மீ அண்ட் மை பிரதர் வென்ட் டு த பீச்' என்று சொன்னதும் 'மை பிரதர் அண்ட் ஐ' என்று திருத்துவோம். அது நியாயம்தான், அங்கே கடற்கரைக்குப் போனவர்கள் எழுவாய். ஆனால் பிள்ளை எழுவாயையா பிடிக்கிறது? 'மீ' என்றால் மரியாதைக் குறைவு, 'ஐ' என்றால் படித்தவர் என்று பிடித்துக்கொள்கிறது. என் பிரியாவிடை அன்று மேடையில் நானே 'திஸ் இஸ் எ கிரேட் ஆனர் ஃபோர் மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ' என்று சொல்லிவிட்டேன். 31 வருடம் படிப்பித்தவள். முன்வரிசையில் இருந்த தரம் 10 பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. என்னிடம் படித்த பிள்ளை அது.

'மைசெல்ஃப்' பற்றி: 'ஐ' போடவும் பயம், 'மீ' போடவும் பயம் என்கிறவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அது. 'ஐ கட் மைசெல்ஃப்' என்றால் நானே என்னை வெட்டிக்கொண்டேன். செய்தவளும் நான், பட்டவளும் நான். உங்கள் மின்னஞ்சலில் அறிக்கையை அனுப்பப்போவது வேறொருவர். ஆகவே அதற்கு அங்கே வேலையில்லை.

கேள்வி: சேக்ஸ்பியரே 'வெனிஸ் வர்த்தகன்' நாடகத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதியிருக்கிறாரே? (வாசகர், காரைதீவு)

பதில்: சேக்ஸ்பியரை வைத்து 'மதங்க சூளாமணி' எழுதிய விபுலாநந்த அடிகளின் ஊர்க்காரர் இதைக் கிளறுவதில் ஆச்சரியமில்லை. உண்மைதான். மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. அன்டோனியோ தன் நண்பன் பசானியோவுக்கு எழுதும் கடிதத்தில் வருகிறது. நாடகம் 1600இல் அச்சானது. இலக்கணகாரர்கள் பிரம்போடு வந்து நின்றது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில். அந்தக் கடிதத்தில் அன்டோனியோ நண்பனின் கடனையெல்லாம் தீர்ந்ததாக விட்டுவிடுகிறான். ஓ.எல். விடைத்தாள் திருத்துபவர் அப்படி விடமாட்டார். 'மீ' என்றே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் புடவைக் கடைக்குப் பாசிக்குடாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களும் சில நாட்களில் வருவார்கள். சட்டையைப் போட்டுப் பாருங்கள் என்பதற்கு 'ட்ரை ஒன் இட்' என்று சொன்னேன். ஒருவர் சிரித்துக்கொண்டே 'ட்ரை இட் ஒன்' என்றார். 'லுக் அட் இட்' என்று சொல்லும்போது 'இட்' கடைசியில்தானே வருகிறது? (வாசகர், காத்தான்குடி)

பதில்: நல்ல கேள்வி தம்பி, டியூசன் கொப்பிகளில் இதை ஒழுங்காக விளக்கி நான் கண்டதில்லை.

நீங்கள் சொன்ன இரண்டும் பார்வைக்குத்தான் ஒன்று. 'லுக் அட்' என்பதில் 'அட்' உண்மையான முன்னிடைச்சொல். அது தன் பெயரை விட்டுப் பிரியாது, முன்னாலேயே நிற்கும். 'ட்ரை ஒன்' என்பதில் வரும் 'ஒன்' அப்படியல்ல, வினையோடு சேர்ந்தது. நீங்களே 'போட்டுப் பாருங்கள்' என்கிறீர்கள். அதில் 'பாருங்கள்' கண்ணால் பார்ப்பதா? 'போடு'வோடு ஒட்டிக்கொண்டு வேறு அர்த்தம் தருகிறது. 'ஒன்' அங்கே செய்வதும் அதே வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? 'இட்'டை எடுத்துவிட்டுச் சட்டையை வையுங்கள். 'ட்ரை ஒன் த ஷேர்ட்' சரி, 'ட்ரை த ஷேர்ட் ஒன்' என்பதும் சரி. சட்டை நடுவில் போக முடிகிறதென்றால், பிரதிப்பெயர் வரும்போது அது நடுவில்தான் போகவேண்டும்: ட்ரை இட் ஒன், சுவிட்ச் இட் ஒஃப், பிக் தெம் அப். 'லுக் த ஷேர்ட் அட்' என்று சொல்லிப் பாருங்கள், வாயே மறுக்கும். ஆகவே 'லுக் அட் இட்'. 'லுக் ஆஃப்டர் ஹேர்' என்பதும் இந்தக் கட்சிதான். இட், தெம் எல்லாம் எடை குறைந்த சொற்கள். ஆங்கிலக் காது வசனக் கடைசியில் கொஞ்சம் அழுத்தத்தை எதிர்பார்க்கும். அதனால்தான் அவை இடையில் நுழைகின்றன.

நீங்கள் சொன்னது அவருக்கு விளங்கியிருக்கிறது, அதையும் மறக்கவேண்டாம். சட்டை வாங்கினாரா?

கேள்வி: 'ஒன் ஒஃப் மை ஃப்ரெண்ட்', 'எ ஃப்ரெண்ட் ஒஃப் மீ' இரண்டையும் சேர் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டார். (மாணவன், அக்கரைப்பற்று)

பதில்: 'என்ட கூட்டாளி ஒருத்தன் வந்தான்' என்று நாம் கதைக்கிறோம். அதில் கூட்டாளி ஒருமை; அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டாய் மகன். எழுத்துத் தமிழில் யோசி: என் நண்பர்களில் ஒருவன் வந்தான். நண்பர்கள் பன்மை, வந்தான் ஒருமை. ஆங்கிலமும் அச்சொட்டாக அதுதான்: ஒன் ஒஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்.

இரண்டாவதற்கு 'ஒஃப் மைன்' என்று வரும். 'ஒஃப்'புக்குப் பிறகு 'மீ' வரவே கூடாது என்றில்லை. 'எ ஃபோட்டோ ஒஃப் மீ' என்றால் படத்தில் இருப்பது நீ. 'எ ஃபோட்டோ ஒஃப் மைன்' என்றால் உன்னுடைய படங்களில் ஒன்று. அதில் கல்லடிப் பாலம் இருந்தாலும் இருக்கலாம். உரிமை பேசும்போது மைன், யோர்ஸ், ஹிஸ்.

கேள்வி: மொழிபெயர்ப்புப் பயிற்சியில் 'மாலா சோ எ டோக் பிஹைண்ட் ஹேர்' என்று வந்தது. 'தனக்குப் பின்னால்' என்று நானும் 'அவளுக்குப் பின்னால்' என்று என் சிநேகிதியும் எழுதினோம். (மாணவி, வந்தாறுமூலை)

பதில்: இந்த இடத்தில் தமிழ் கெட்டிக்காரி. 'தனக்கு' என்றால் மாலாவுக்குத்தான். 'அவளுக்கு' என்றால் பெரும்பாலும் வேறொருத்தி. ஆங்கிலத்தில் இடத்தைச் சொல்லும் இப்படியான வசனங்களில் 'ஹேர்செல்ஃப்' வருவது குறைவு. 'ஹேர்' ஒன்றே இரண்டு பேருக்கும் வேலை பார்க்கிறது. ஆகவே இந்த ஒற்றை வசனத்தை வைத்து உங்கள் சண்டையைத் தீர்க்க முடியாது. உன் சிநேகிதி எழுதியது சரியாக வேண்டுமென்றால் கதையில் இன்னொரு பெண் இருக்கவேண்டும். முந்திய பந்தியில் அப்படி ஒருத்தி வந்தாளா என்று பார்த்து எனக்கு எழுது.